நைனா பாதியில் நிறுத்திய வேத பாடம்

அன்புள்ள உறவினர்களுக்கும், சபையாருக்கும், நைனாவோடு வேலை பார்த்தவர்களுக்கும்,

நைனா இல்லாத முதல் ஆண்டை எப்படியோ கடந்து வந்துவிட்டோம். இந்த மலருக்காக அவரைப் பற்றி ஆளுக்கு ஒன்றாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அவருடைய வேலையைப் பற்றித் தம்பி எழுதியிருக்கிறான். அவருடைய பக்தி வாழ்க்கையைப் பற்றி மகளாகிய நான் எழுத வேண்டும் என்று ஆயர் கேட்டுக்கொண்டார். அவர் தவறாமல் ஆலயத்துக்கு வந்ததையும், லெந்து நாட்களில் உபவாசம் இருந்ததையும் எழுதினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் என் முன்னால் வந்து நின்றது. உங்களில் பலர் அன்று ஆலயத்தில் இருந்தீர்கள். சிலருக்கு அதை மீண்டும் நினைக்கப் பிடிக்காமலும் இருக்கலாம். எழுதலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "நடந்தத எழுது. கூட்டாத, கொறைக்காத" என்று அம்மா சொன்னார். அப்படியே எழுத முயன்றிருக்கிறேன்.

நைனா மணவூரில் பிறந்தவர். தாத்தா ரயில் பாதையில் கேங்மேனாக வேலை பார்த்தார். நைனா ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது தாத்தா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அதன் பிறகு நைனா அரக்கோணத்தில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தார். விடுமுறை நாட்களில் செங்கல் சூளைக்குப் போய் மண் மிதித்திருக்கிறார். ஃபிட்டர் படிப்பை முடித்த பிறகு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் அடிபம்பு மெக்கானிக் வேலை கிடைத்தது. அந்த வேலைக்காகத்தான் திருத்தணிக்குக் குடிவந்தார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒரே வேலைதான். டி.வி.எஸ். ஃபிப்டியின் பின்னால் குழாய் ஸ்பேனரையும் தோல் வாசர்களையும் கட்டிக்கொண்டு ஆர்.கே.பேட்டை வரைக்கும் போய்வருவார். ஒருமுறை கே.ஜி.கண்டிகைப் பக்கம் பம்பைக் கழற்றும்போது குழாய் நழுவி விழுந்து இடது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. கட்டுப் போட்டுக்கொண்டு நான்காம் நாளே வேலைக்குப் போய்விட்டார். கோடைக்காலத்தில் ஒரு ஊர்ப் பம்பு ஒரு நாள் நின்றால் அந்த ஊர்ப் பெண்கள் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அம்மா அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, திருத்தணிக்கு வந்து ஜவுளிக்கடை வைத்த பிறகு இரண்டு குடும்பங்களும் ஒரே தெருவில் இருந்தோம். நைனா மாமாவைப் பாவா என்று கூப்பிடுவார், மாமா நைனாவை மாப்ள என்பார். எங்கள் சபைக் கமிட்டியில் நைனா செயலர், மாமா பொருளாளர். இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஆலயத்துக்குப் போனதைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம்.

நைனா அதிகம் பேச மாட்டார். ஆனால் வாசிப்பார். ஆராதனையில் பழைய ஏற்பாட்டுப் பாடத்தை வாசிக்கும் பொறுப்பு பெரும்பாலும் அவருக்குத்தான் வரும். சனிக்கிழமை மாலையே வேதத்தை எடுத்து, மறுநாள் பாடத்தை மூன்று முறை உரக்கச் சொல்லிப் பார்ப்பார். பெயர்களில் தடுமாறக் கூடாது என்பது அவருடைய கவலை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றி அந்தக் காலத்தில் தான் அவ்வளவாக யோசித்ததில்லை என்று பிற்பாடு அவரே சொன்னார்.

எட்டொன்பது ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஆலயத்துக்குக் கோபுரம் எழுப்ப வேண்டும் என்று சபை தீர்மானித்தது. மலைப்படி ஏறுகிறவர்களுக்கும் நம் கோபுரம் தெரிய வேண்டும் என்று மாமா ஆசைப்பட்டார். நைனாவுக்கும் அந்த ஆசை இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. காணிக்கை மட்டும் போதாது என்று தெரிந்தபோது, கேன்களில் தண்ணீர் அடைத்து விற்கும் ஒரு கம்பெனிக்காரர் வந்தார். ஆலய வளாகத்திலிருந்த ஆழமான போர்க் கிணற்றைக் குத்தகைக்குக் கேட்டார். மாதா மாதம் வாடகை வரும், கோபுரம் நிற்காமல் வளரும். கமிட்டியில் ஒருவரும் மறுக்கவில்லை. செயலர் என்ற முறையில் ஒப்பந்தத்தில் நைனா கையெழுத்துப் போட்டார்.

வளாகச் சுவருக்குப் பின்னால் ஏரிக்கரைக் காலனி இருக்கிறது. நாற்பது வீடுகள் இருக்கும். அவர்கள் நம் சபையாரும் இல்லை, நமக்கு உறவும் இல்லை. அந்தக் காலனிக்கு ஒரே ஒரு போர், அதுவும் ஆழம் குறைந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் பெரிய மோட்டார் ஓடினால் அந்தப் பக்கம் என்ன ஆகும் என்று எங்கள் சபையில் யாருக்காவது தெரிந்திருந்தால் அது நைனாவுக்குத்தான்.

அந்த ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கு வழக்கம்போல ஊர் நிரம்பி வழிந்தது. காவடி எடுத்து வருகிறவர்களுக்காக ஆலய வாசல் குழாயைத் திறந்துவிடுவது எங்கள் சபையில் பல காலமாக இருந்த வழக்கம். அந்த முறை குழாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தது. கூட்டத்தினால் கேன் தண்ணீருக்குத் தேவை அதிகம், லாரிகள் வரிசையில் நின்றன, மோட்டார் ஓயவே இல்லை.

கிருத்திகை முடிந்த சனிக்கிழமை காலையில் காலனியிலிருந்து கன்னியம்மா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் ஜல்லி கிரஷரில் கூலி வேலை பார்த்தவர். காலனி பம்பை நைனா பல முறை பழுது பார்த்திருந்ததால் அந்தப் பழக்கத்தில் வந்தார். கையில் குடமும் இல்லை, குரலில் கோபமும் இல்லை.

"ஐயா, எங்க போருல மூணு நாளா காத்துதான் வருது. பம்பு ரிப்பேரான்னு கொஞ்சம் வந்து பாக்குறீங்களா? சர்ச்சு கொழாயில புடிக்கலாம்னு போனா பூட்டிக்கீது" என்றார்.

நைனா சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஓய்வு பெற்றுவிட்டாலும் ஆழம் பார்க்கும் நூலும் குண்டும் அவரிடம் இருந்தன. அவர் திரும்பி வரும்போது மணி பதினொன்று ஆகிவிட்டது. பம்பில் ஒரு பழுதும் இல்லையாம். நூலை அடி வரைக்கும் விட்டுப் பார்த்தும் குண்டு ஈரமாகவில்லையாம். அம்மாவிடம் இதை மட்டும் சொன்னார். சாப்பிடக் கூப்பிட்டபோது வேண்டாம் என்றார். மாலையில் வழக்கம்போல வேதத்தை எடுத்தார். ஒரு முறை வாசித்தார். மறுபடி வாசிக்கவில்லை.

மறுநாள் பாடம் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து வந்திருந்தது. அட்டவணைப்படி வந்த பாடம்தான், யாரும் தேர்ந்தெடுத்தது இல்லை. உங்கள் பண்டிகைகளை நான் வெறுக்கிறேன், உங்கள் பாட்டுகளின் இரைச்சல் எனக்கு வேண்டாம், நியாயம் தண்ணீரைப் போலப் புரண்டு ஓடட்டும் என்று கடவுள் தம் ஜனங்களிடம் சொல்லும் பகுதி அது. உங்களுக்கெல்லாம் தெரிந்த பகுதிதான். நைனா தெளிவாக வாசித்துக்கொண்டே வந்தார். தண்ணீர் என்ற வார்த்தை வரும் வசனத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் தொடவே இல்லை. பிறகு வீட்டில் பேசும் குரலில் பேசினார்.

"இதுக்கு மேல வாசிக்க எனக்கு வாய் வர்ல. காலனி போரு வத்திப்போச்சி. நேத்து நூல் போட்டு பாத்தேன். நம்ம மோட்டாரு நிக்காம ஓடிகினு இருக்குது. ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டது நானு. ஓடுனா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும், அதான் என் வேலயே. தெரிஞ்சேதான் போட்டேன்."

வேதத்தை மூடி வைத்துவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். ஆர்கன் வாசிக்கும் பெண் ஆயரைப் பார்த்தாள். ஆயர் எழுந்து அடுத்த சங்கீதத்தைத் தொடங்கினார். ஆராதனை முடிந்தது. வெளியே வந்த பிறகு நைனாவிடம் ஒருவரும் பேசவில்லை.

மதியம் மாமா வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. அம்மா கொண்டுவந்த காபியையும் வாங்கவில்லை.

"மாப்ள, எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம். எல்லாரு எதுர்லயும் சபை மானத்த வாங்கிட்டீங்க."

"சொல்லியிருக்கலாம் பாவா. கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். அது என் தப்பு."

"அவங்க நம்ம சபை ஜனங்க கூட இல்லியே."

"ஆங், இல்ல. அதுக்காவ அவங்களுக்குத் தாகம் எடுக்காதா பாவா?"

மாமா அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு ஆறு ஆண்டுகள் அவர் எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும் என்று நைனா கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தார். பொதுச் சபைக் கூட்டத்தில் அது தோற்றது. அவருக்காகக் கை தூக்கியவர்கள் மிகச் சிலர். அன்றே செயலர் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பாட வாசிப்புப் பட்டியலிலிருந்தும் அவர் பெயர் எடுக்கப்பட்டது. ஆனாலும் ஒரு ஞாயிறுகூட அவர் ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை. பின்வரிசையில் உட்கார்ந்தார். வேறு சபைக்குப் போகலாமே என்று நான் கேட்டதற்கு, கோபித்துக்கொண்டு போக தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கேட்டார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஏழு மணிக்கு காலனி போரிலும், பக்கத்திலிருந்த இரண்டு விவசாயக் கிணறுகளிலும் நூல் விட்டுப் பார்த்தார். எவ்வளவு ஆழத்தில் ஈரம் படுகிறது என்று பழைய நாட்குறிப்பு ஒன்றில் குறித்துவைத்தார். கிணற்றுக்காரர்கள் முதலில் சந்தேகப்பட்டார்கள். பிறகு அவர்களே வந்து நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்கள். கன்னியம்மா அக்கா காலனிப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மனு கொடுக்கப் போனார். நைனா உடன் போவார், ஆனால் அதிகாரி முன்னால் அவர் பேச மாட்டார். அவர்கள் பேசட்டும், நான் அளந்ததை மட்டும் காட்டுகிறேன் என்பார். அப்படி எத்தனை முறை போனார்கள் என்று எனக்கு நினைவில்லை. அதிகாரி இல்லை, கோப்பு இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்ற பதிலோடு திரும்பிய நாட்களே அதிகம்.

அந்த மாதங்களில்தான் நைனா தீர்க்கதரிசிகளின் புத்தகங்களை உண்மையிலேயே வாசித்தார். அரக்கோணத்தில் நான் ஆசிரியை வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும்போதெல்லாம் என்னிடம் பேசுவார். ஆமோஸ் ஆடு மேய்த்தவர், காட்டத்திப் பழம் பறித்தவர், கோயில் ஆள் இல்லை என்பதில் நைனாவுக்கு ஒரு தனி சந்தோஷம். உன் ஊருக்கே போய் அங்கே பிழைத்துக்கொள் என்று கோயில் ஆசாரியன் அவரை விரட்டிய இடத்தை எனக்கு எடுத்துக் காட்டினார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரனின் கதையை தீர்க்கதரிசி நாத்தான் சொன்னபோது, அது தன்னைப் பற்றியது என்று தெரியாமல் தாவீது ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்ததே, அந்த இடத்தையும் அடிக்கடி சொல்வார். அந்த ராஜாவைப்போலத்தான் நானும் இத்தனை காலம் பாடத்தை வாசித்திருக்கிறேன், யாரையோ சொல்கிறது என்று நினைத்து வாசித்திருக்கிறேன் என்றார்.

ஒருநாள் அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே தருகிறேன். "தீர்க்கதரிசின்னா நாளைக்கு இன்னா நடக்கும்னு சொல்றவருன்னு நெனச்சிகினு இருந்தேம்மா. பெரும்பாலும் அவங்க இன்னிக்கு இன்னா நடக்குதுன்னுதான் சொல்லிக்கிறாங்க. இன்னொண்ணு பாரு. கும்புடாதவங்கள விட ஒழுங்கா கும்புடறவங்களதான் ரொம்ப திட்டிக்கிறாங்க."

நான் ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ ஆண்டுகள் படித்தவள், கற்பித்தவளும்கூட. இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. ஏசாயாவும் மீகாவும் எரேமியாவும் பேசியது கடவுளை மறந்த தூர தேசத்து ஜனங்களிடம் மட்டுமல்ல. பலி செலுத்தி, பாட்டுப் பாடி, பண்டிகை ஆசரித்துவிட்டு, விதவையின் நிலத்தையும் கூலிக்காரனின் கூலியையும் கண்டுகொள்ளாமல் வீட்டுக்குப் போனவர்களிடம்தான் அதிகம் பேசினார்கள். அந்த வார்த்தைகளுக்கு வயதாகிவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளில் குடும்பத்தோடு அடைந்து கிடப்பவர்கள் இருக்கிறார்கள். கிரஷர் தூசியில் இருமிக்கொண்டே வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாம் ஜெபத்தில் ஏழைகளை நினைத்தருளும் என்று கேட்கிறோம். அவர்களை நாம் நினைக்க வேண்டும் என்றுதான் அந்தப் பழைய மனிதர்கள் கேட்டார்கள்.

இதற்கு எங்கள் குடும்பம் பட்ட துன்பத்தையும் சொல்ல வேண்டும். மறு ஆண்டு என் திருமணம் நடந்தது. தாய்மாமன் சீர் இல்லாமல்தான் மேடையேறினேன். பத்திரிகை வைக்க நைனா இரண்டு முறை மாமா வீட்டுக்குப் போனார். இரண்டு முறையும் மாமி மட்டும் வாங்கிக்கொண்டார். திருமணத்தன்று அம்மா சமையல் கூடத்தில் ஒரு மூலையில் நின்று அழுததை நான் பார்த்தேன். நைனாவும் பார்த்தார். அம்மாவிடம் அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. ஆனால் "ஒன் அண்ணன் கெட்டவரு இல்ல" என்று அடிக்கடி சொல்லி அம்மாவைத் தேற்றுவார். மாமாவைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வந்து நான் கேட்டதில்லை.

என் திருமணம் முடிந்து சில மாதங்கள் கழித்து நிலத்தடி நீர் அளக்கும் அதிகாரிகள் வந்தார்கள். இரண்டு நாட்கள் தங்கள் கருவிகளை வைத்து அளந்தார்கள். நைனாவின் நாட்குறிப்பையும் வாங்கிப் பார்த்தார்கள். அதன் பிறகு வந்த உத்தரவில், அந்தப் போரில் வியாபாரத்துக்குத் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று இருந்தது. கம்பெனிக்காரர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். கோபுரம் பாதியில் நின்றது. நைனாவால்தான் நின்றது என்று சிலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை.

அந்தப் போரை என்ன செய்வது என்று முடிவெடுக்க மறுபடியும் பொதுச் சபை கூடியது. நைனா எழுந்து பேசவில்லை. காலனித் தொட்டிக்குக் குழாய் போட்டுக் கொடுக்கலாம் என்று ஆயர்தான் எடுத்துச் சொன்னார். அந்த ஞாயிறு நைனா சொன்னதைக் கேட்டபின், தான் பிரசங்க பீடத்திலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் இத்தனை மாதம் கடத்திவிட்டதாக அவர் கூட்டத்தில் மனம்விட்டுச் சொன்னார். இந்த முறை பெரும்பாலான கைகள் உயர்ந்தன. மாமா கை தூக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. எழுந்து வெளியே போகாமல் கடைசி வரை உட்கார்ந்திருந்தார். சுவரில் துளை போட்டுக் குழாய் பதித்த நாளில் நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பேனரோடு பள்ளத்தில் இறங்கினார். கோபுரத்துக்குக் குட்டையாக ஒரு முகப்பு வைத்துப் பிறகு முடித்தார்கள். மலைப்படியிலிருந்து பார்த்தால் அது தெரியாது.

ஈராண்டுகளுக்கு முன்பு நைனாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். முதல் மாதம் நானும் தம்பியும் மாறி மாறி அழைத்துப் போனோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பும்போது மாமாவின் வண்டி வாசலில் நின்றிருந்தது. "ஏறுங்க மாப்ள" என்று மட்டும் சொன்னார். நைனா ஏறிக்கொண்டார். அதன் பிறகு கடைசி வரை செவ்வாய்க்கிழமைகள் மாமாவுடையதாகிவிட்டன. நான்கு மணி நேரம் கட்டில் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போரைப் பற்றியோ கோபுரத்தைப் பற்றியோ அவர்கள் பேசினார்களா என்று தெரியாது. நான் உள்ளே போன நேரங்களில் அம்மையார்குப்பத்து லுங்கி வியாபாரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நைனா ஒரு வியாழக்கிழமை காலை, அம்மா முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது, வலியில்லாமல் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு எழுபத்தொரு வயது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். டயாலிசிஸ் பிரிவில் அவருக்கு ஊசி வலிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர் பெண்கள், அடக்க ஆராதனையை நடத்திய ஆயர், மூன்று நாட்கள் எங்களுக்கு அடுப்பு மூட்ட விடாமல் சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்கள், பந்தல் போட்ட நைனாவின் அலுவலக நண்பர்கள், சவப்பெட்டிக்கு ஒரு தோள் கொடுத்து வழியில் யாருக்கும் மாற்றிக் கொடுக்காமல் கல்லறைத் தோட்டம் வரை நடந்த மாமா, எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஏரிக்கரைக் காலனியிலிருந்து வந்து ஆலயத்துக்குள் வரத் தயங்கி வளாகத்தில் வெயிலில் நின்ற அத்தனை பேருக்கும் நன்றி. இந்த மலரில் அவர்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்கக் கன்னியம்மா அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். காலனிக்குத் தண்ணீர் கொடுத்தவர் நைனா என்று ஒரு வரி எழுதிவைத்திருந்தேன். அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"எழுதும்மா. ஆனா குடுத்தாருன்னு எழுதாத. அது எங்க தண்ணி. அத எங்களுக்குத் திருப்பி விட்டாருன்னு எழுது. ஐயா இருந்தாலும் அப்டித்தான் சொல்லுவாரு."

அந்த வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

நைனாவின் அன்பு மகள்,
அம்மா, தம்பி மற்றும் குடும்பத்தார் சார்பில்